காலடி மண்

இனாமாக வருகிற எதையும் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் நான் கையில் வாங்குவேன். என் கணவர் இதற்காக என்னைச் ‘சந்தேகப் பிராணி’ என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். பால்காரர் தண்ணீர் கலப்பதைக் கண்டுபிடித்தது யார்? வாடகைக்கு வந்த ஆள் பொய் விலாசம் கொடுத்ததைக் கண்டுபிடித்தது யார்? என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அதனால்தான் போன கோடை லீவில் என் கணவரின் அண்ணன், “பிள்ளைகளை எல்லாம் தண்ணி பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவோம், செலவு என்னோடது” என்று அறிவித்தபோது, வீடே துள்ளிக் குதித்தது, நான் மட்டும் ஏன் என்று யோசித்தேன்.

அறந்தாங்கி ரோட்டில் இருக்கும் வீட்டில் மாமியாரும் நாங்களும்தான் இருக்கிறோம். கணவருக்கு உரக்கடை. மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு இரண்டு. அண்ணனும் அவர் மனைவியும், அதாவது என் ஓரகத்தியும், சிங்கப்பூரில் இருந்தார்கள். தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை, திடீரென்று ஒருநாள் வந்து இறங்கினார்கள். “சும்மாதான், லீவு” என்றார்கள். அந்த நாட்டில் சும்மா லீவு யார் கொடுக்கிறார்கள்?

ஓரகத்தி எனக்கு மூத்தவள். எனக்கு முன்பே கல்யாணம் ஆனவள், பிள்ளை இல்லை. ஒரே ஒருமுறை உண்டாகி, மூன்றாம் மாதம் கலைந்துபோனது. அப்போதும் வீட்டில் யாரும் சொல்வதற்கு முன்னால் கண்டுபிடித்தவள் நான்தான். ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னக்கா, மொகம் பளபளன்னு இருக்கே, விசேஷமா?” என்று கேட்டேன். அவள் சிரித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரமே எல்லாம் முடிந்துபோனது. பிறகுதான் அவர்கள் சிங்கப்பூர் போனார்கள்.

இந்தத் தடவை வந்ததிலிருந்து அவள் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை வாரிவிட்டாள், பொட்டு வைத்துவிட்டாள், தன் சுடிதார் நிறத்திலேயே அவளுக்கு ஒரு கவுன் வாங்கினாள். அவள் கணவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே என் கணவரிடம், “பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்துட்டியா?” என்று கேட்டார். எனக்குக் குழம்புக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

“எல்லாருக்கும்தான் எடுக்கச் சொல்றான். ஒரு தடவ அங்கிட்டு வந்து பாத்துட்டுப் போங்கங்குறான்” என்றார் என் கணவர், இரவு நான் கேட்டபோது.

“நீங்க நம்புறீங்களா?”

“தூங்கு.”

தூக்கம் எப்படி வரும்? எங்கள் பிறந்த வீட்டில் ஒரு சித்தப்பா உண்டு. பிள்ளையில்லாத பெரிய தாத்தா வீட்டுக்குத் தத்துப் போனவர். அவரைச் சொல்லியா கூட்டிப்போனார்கள்? திருவிழாவுக்குப் போவோம் என்று வண்டி கட்டினார்கள், ராட்டினத்தில் ஏற்றிச் சுற்றினார்கள், மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். திரும்பும்போது அவரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். ‘ராட்டினம்னாலே எனக்கு வயித்தக் கலக்கும்’ என்று அறுபது வயதிலும் அவர் சொல்வார். எங்கள் ராட்டினம் திருச்சி ரோட்டில், டிக்கெட் கவுண்டரோடு இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேன் வந்தது. ஆலங்குடியிலிருந்து நாத்தனாரும் அவள் கணவரும், தவழ்கிற பையனோடு வந்திருந்தார்கள். முன்சீட்டு எப்போதும் மாமியாருக்குத்தான், முட்டிவலி. அன்றைக்கு அவர் தானாகவே பின்னால் ஏறி, “மூத்தவ முன்னாடி உக்காரட்டும்” என்றார். முதுகுக்கு ஒரு தலையணை வேறு. ஒவ்வொரு வேகத்தடைக்கும், “மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா” என்று டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார். சிங்கப்பூர்க்காரிக்கு எம்புட்டு மரியாதை என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். என் மகள் எழுந்து, “பெரிம்மா” என்று முன்சீட்டைப் பார்த்துக் கை நீட்டினாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

பார்க் வாசலில் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். வெளிச்சாப்பாடு கூடாதாம். மாமியார் புளிச்சோற்றைத் தவழ்கிற பையனின் நாப்கின் பைக்குள், நாப்கின்களுக்கு நடுவில் வைத்திருந்தார். சோதித்த பெண் அந்தப் பையைத் திறந்தாள், முகத்தைச் சுளித்து மூடிவிட்டாள். மாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கத் தெரிந்த மனுஷி இன்னும் எதையெல்லாம் மறைப்பார் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

உள்ளே ஒரு பலகையில் கோடு போட்டுப் பிள்ளைகளின் உயரத்தை அளந்தார்கள். மகன் குதிகாலை உயர்த்தி நின்று பார்த்தான். பெரிய ராட்டினம் எதற்கும் எட்டவில்லை. கப் ராட்டினமும் குட்டி ரயிலும்தான் அவனுக்கு. அழுதான். மகளுக்குக் கரடி வேஷம் போட்ட ஆளைக் கண்டு பயம். அவள் அழுகிற அழுகையில் கரடிக்கே பயம் வந்து, தலையைக் கழற்றி, “பாப்பா, மாமா பாரு, மாமா” என்றது. கரடிக்குள்ளிருந்து மாமா வந்ததும் அவள் இன்னும் பெரிதாக அலறினாள். வேர்வையில் நனைந்த அந்த மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அலறிய பிள்ளையை வாங்கிக்கொண்டது ஓரகத்திதான். “இங்க கொண்டா, நான் பாத்துக்கிறேன். நீங்கல்லாம் போய் ஏறுங்க” என்றாள். வாங்கிக்கொண்டு நிழல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அன்றைக்கு அவள் வாயில் இருந்தது அந்த ஒரே பேச்சு. ராட்டினமா? நான் பாப்பாவைப் பாத்துக்கிறேன். கப்பலா? நான் பாப்பாவைப் பாத்துக்கிறேன். செலவு செய்து எல்லாரையும் கூட்டி வந்த வீட்டுக்காரி எதிலும் ஏறவில்லை. என் பிள்ளையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மேலே துப்பட்டாவைப் போர்த்தி, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நானும் எதிலும் ஏறவில்லை. “தலை சுத்தும்” என்று சொல்லிவிட்டு அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். என் கணவர் கப்பலில் தலைகீழாகப் போய்வந்து, சட்டைப் பொத்தான் அவிழ்ந்து, பத்து வயது குறைந்த முகத்தோடு இறங்கினார். எனக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய ஆள் கப்பலில் கூவிக்கொண்டிருக்கிறார்.

ஒன்றைக் கவனித்தேன். மகள் தூக்கச் சொல்லிக் கை நீட்டினால் மாமியார் எங்கிருந்தாலும் ஓடி வந்தார். “நீ தூக்காத. மடியில வச்சுக்க, போதும்” என்று மூத்தவளிடம் சொன்னார். பெற்றவள் நான் பக்கத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்கு வகுப்பு நடக்கிறது.

தண்ணீர்ப் பக்கம் போவதற்குப் புடவையோடு விடமாட்டார்களாம். நைலான் உடுப்பு வாடகைக்கு. பெண்கள் உடை மாற்றும் அறையில் நான் மகளுக்குக் கவுனைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அடுத்த தடுப்பிலிருந்து மாமியார் குரல் கேட்டது.

“சின்னவளுக்கு இப்பத் தெரிய வேணாம். தெரிஞ்சா காரியம் கெட்டுப்போகும்.”

“பாவமா இருக்கு அத்தை. அவகிட்ட மட்டும் மறைக்கிறது நல்லாவா இருக்கு? சொல்லிருவோமே.” அது ஓரகத்தி.

“வீட்டுல போயி, நாள் பாத்துச் சொல்லிக்கலாம். புள்ள வெசயம்டி. வெளையாட்டா?”

சின்னவள் நான்தான். என் கை மகளின் கவுனுக்குள்ளேயே நின்றது. சித்தப்பாவையும் ராட்டினத்தையும் நினைத்துக்கொண்டேன். மகள், “அம்மா, குளுது” என்றாள். வெளியே போய் இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் என்ன கேட்பது? இல்லை என்று சொல்லிவிட்டால் அதோடு உஷாராகிவிடுவார்களே. கண்டுகொள்ளாதது மாதிரியே இருந்து கடைசிவரை பார்த்துவிடுவது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அலைக்குளம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். சங்கு ஊதினால் அலை வரும், அப்புறம் நின்றுவிடும். கரையில் லாரி மணலைக் கொட்டிக் கடற்கரை மாதிரி செய்திருந்தார்கள். ஓரகத்தி மீமிசல் பக்கத்துக்காரி, கடல் பார்த்து வளர்ந்தவள். “எங்க ஊர்க் கடல்லகூட இம்புட்டு அலை கெடையாது. அது பாட்டுக்குக் கொளம் மாதிரி கெடக்கும். இங்க கொளம் என்னடான்னா கடல் மாதிரி குதிக்குது” என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவள் பேச்சில் எப்போதும் ஒரு அழகு உண்டு. அதுதான் பயமே. பிள்ளைகள் ஒட்டிக்கொள்வது அப்படிப்பட்டவர்களிடம்தான்.

ஆனால் அந்தக் கடல்காரி தண்ணீரில் கால் வைக்கவில்லை. என் கணவர் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு அலைக்குள் நின்றார். நான் மகளை இடுப்பில் வைத்து முழங்கால் தண்ணீரில் நின்றேன். கரையிலிருந்த மாமியாரிடம் நாத்தனார் நனைந்த தலையோடு வந்து சத்தமாகக் கேட்டாள். “மூத்த மதினி ஏன் எறங்கல? மீமிசல்காரிக்குத் தண்ணின்னா பயமா?”

“அவ முழுகாம இருக்கா. விடுடி” என்றார் மாமியார், குரலைத் தாழ்த்தி.

அலைச் சத்தத்தையும் மீறி அது என் காதில் விழுந்தது. முழுகாமல் இருக்கிறாள் என்பதுதான் ஊருக்கே தெரிகிறதே, அதை ஏன் இவ்வளவு மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவளைப் பார்த்தாள், உடனே என்னைப் பார்த்தாள், பார்வையை எடுத்துக்கொண்டாள். பிறகு போய் ஒரு இளநீர் வாங்கி வந்து மூத்தவள் கையில் கொடுத்தாள். எனக்கு வேண்டுமா என்று கேட்கக்கூட இல்லை. சரி, இவளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் கண் பட்டது என்று நினைத்தால், யார் கண் என்று சந்தேகமோ அவர் காலடி மண்ணை ஒரு சிட்டிகை எடுப்போம். அவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும். உப்பும் மிளகாயும் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போடுவோம். கண் இருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது. இல்லாவிட்டால் இருமல் பிடுங்கும். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் நம்பவில்லை என்பேன். நம்பாமலே செய்வேன்.

பார்க் முழுக்க சிமெண்டும் டைல்ஸும். காலடி மண்ணுக்கு எங்கே போவது? அந்த லாரி மணல் ஒன்றுதான். ஓரகத்தி இளநீர்க் கூட்டைப் போட எழுந்து நடந்தாள். ஈர மணலில் அவள் பாதம் அச்சாகப் பதிந்தது. நான் கரையேறி, மகளின் காலைத் துடைக்கிற மாதிரி குனிந்து, அவள் வலது காலடியிலிருந்து ஒரு சிட்டிகை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்து, கரையில் வைத்திருந்த என் பையில் போட்டேன். நிமிர்ந்தபோது குளத்துக் காவலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மணலைத் திருடுகிற பெண்ணை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் மகள் தூக்கத்துக்குச் சிணுங்கினாள். சிணுங்கியவள் என்னிடம் வரவில்லை. நேராக ஓரகத்தி மடியில் போய் ஏறி, துப்பட்டாவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். ஓரகத்தி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, “இவள மாதிரி ஒண்ணு வீட்டுல கெடந்தா போதும்ல அத்தை” என்றாள்.

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. எழுந்து போய் மகளைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். துப்பட்டா கூடவே வந்தது. ஓரகத்தி பதறி அதை இரண்டு கையாலும் இழுத்து வயிற்றில் சேர்த்துக்கொண்டாள்.

“எம் புள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும்க்கா” என்றேன்.

மகள் ‘பெரிம்மா, பெரிம்மா’ என்று அழுதாள். ஓரகத்தியின் முகம் சின்னதாகிப்போனது. “நான் என்ன செஞ்சேன்?” என்று கேட்டாள். என்னிடம் கேட்டாளா, மாமியாரிடம் கேட்டாளா தெரியவில்லை. என் கணவர் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், “ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?” என்றார். எல்லாரையும்விட அவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அவரிடமும் சொல்லிவைத்திருப்பார்களோ என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

அதற்குமேல் யாருக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் களைத்துவிட்டார்கள் என்று சொல்லிக் கிளம்பிவிட்டோம். வேனில் நான் கடைசி சீட்டில், மகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியில் ஆலங்குடியில் நாத்தனார் குடும்பம் இறங்கியது. எங்கள் வாசலில் வேன் நின்றபோது பொழுது சாய்ந்து, தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மதியம் ஒரு மழை பெய்திருக்க வேண்டும். வாசலின் செம்மண் நனைந்து கிடந்தது. செருப்பைத் தேட வேனுக்குள் குனிய முடியவில்லை. வெறுங்காலோடு இறங்கி, தூங்குகிற மகளோடு உள்ளே போனேன்.

தோள்பையைக்கூடக் கழற்றாமல், அவளைத் தோளில் போட்டபடியே அறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு செருப்பு நினைவுக்கு வந்து எழுந்தேன். வாசற்படிக்கு வருவதற்குள், வெளிச்சத்தில் மாமியார் குனிந்திருப்பது தெரிந்தது. முட்டிவலியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குனிந்தார். வாசலில் பதிந்திருந்த ஒரு வெறுங்காலின் அச்சிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, முந்தானையில் முடிந்தார்.

வெறுங்காலோடு இறங்கியவள் நான் ஒருத்திதான்.

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் என்னைப் பார்க்காமல் கொல்லைப் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போய்க் கொல்லைக் கதவோரம் நின்று பார்த்தேன். அங்கே வெந்நீர் அடுப்பில் சுள்ளி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கிழக்கே பார்த்து, ஒரு முக்காலியில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா இல்லை. நைட்டியில் அவள் வயிறு லேசாக மேடிட்டிருந்தது. மாமியார் உப்பு, மிளகாய், என் காலடி மண் எல்லாவற்றையும் கையில் பொத்தி, அவள் தலையைச் சுற்றி, வயிற்றுக்கு நேரே கொண்டுவந்து மூன்று முறை இறக்கினார்.

முழுகாமல் இருக்கிறாள். பிள்ளை உண்டானவளை எங்கள் ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்? பிறந்ததிலிருந்து கேட்ட சொல். தண்ணீருக்குள் நின்றுகொண்டு கேட்டதால் தண்ணீராகவே காதில் விழுந்தது. முன்சீட்டு, தலையணை, இளநீர், தூக்காதே என்றது, என் பிள்ளையை வயிற்றுக்குக் கேடயமாக வைத்துக்கொண்டு பெஞ்சைவிட்டு எழாமல் இருந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. வீட்டில் தனியாக இருந்துவிட்டால் நான் ஏன் என்று துருவுவேன் என்பதற்காகவே அவள் வந்திருக்கிறாள். என் பிள்ளைமேல் அவள் கண் இல்லை. அவள் பிள்ளைமேல் என் கண் படக்கூடாது என்பதுதான் காரியம்.

கல்யாணப் பந்தியில் நான் கேட்ட அந்த ஒரு கேள்வியை இத்தனை வருஷமாக அவர்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நான் என்ன பில்லி சூனியக்காரியா? ஆசையாகத்தானே கேட்டேன்? கலைந்தபோது என் பங்குக்கு நானும்தானே அழுதேன்? கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தோளில் தொங்கிய பை இடுப்பில் இடித்தது. அதற்குள் கைக்குட்டையில் முடிந்த மணல் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஒளிந்துகொள்ளவும் இல்லை. மகளைத் தோளில் போட்டபடி கொல்லைப் படியில் போய் நின்றேன். மாமியார் திடுக்கிட்டார். கை அந்தரத்தில் நின்றது. ஓரகத்தி என் வெறுங்காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது.

சுற்றியதைப் போடாமல் இருக்கக்கூடாது. மாமியார் திரும்பி எல்லாவற்றையும் நெருப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கறுத்துச் சுருண்டது. புகை என் பக்கம்தான் வந்தது. நான் ஆழமாக மூச்சை இழுத்தேன். நெடி வர வேண்டும், தொண்டையைப் பிடுங்க வேண்டும், எல்லாரும் இரும வேண்டும் என்று இழுத்தேன். இதை நம்பாதவள் நான். அந்த நிமிஷம் அந்த நெடிக்காகச் சாமியை வேண்டிக்கொண்டேன்.

ஒன்றும் வரவில்லை. வெறும் சுள்ளிப் புகைதான். மாமியார் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

அப்போது ஓரகத்தி இருமினாள். முதலில் ஒரு இருமல். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற அளவுக்கு இருமல். “அப்பாடி, என்னா நெடி அத்தை! தாங்க முடியல. கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, போங்க” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேடி” என்றார் மாமியார்.

“ஒங்களுக்குச் சளி. மூக்கு அடைச்சிருக்கு. எனக்குத் தொண்ட எரியுது.”

மாமியார் இன்னும் ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “அப்படியா, அப்பச் சரி” என்று உள்ளே போனார். பொய் இருமலைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகாது. அதை நான் மேற்கொண்டு துருவவில்லை.

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, இருட்டுப் பக்கமாகத் திரும்பி உதறினேன். ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளருகே படியில் போய் உட்கார்ந்தேன். எத்தனை மாதம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

“கை வலிக்குதுக்கா” என்றேன். “பாப்பாவைக் கொஞ்ச நேரம் மடியில வச்சிருங்க.”

அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கி, வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். மகள் கண்ணைத் திறக்காமலே அங்கே சுருண்டாள். என் கை வலிக்கவில்லை.